துணிக் கிடங்கில் மெலிதாவுக்கு வேலை

இலோயிலோ, நவம்பர் 9

அன்பு மகள் இசிட்ராவுக்கு,

நானும் உன் தங்கை மெலிதாவும் கர்த்தர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். தைவானில் குளிர் இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், காலுறை போட்டுத் தூங்கு, அசட்டையாக இருக்காதே. மெலிதாவுக்கு வேலை கிடைத்ததா என்று இரண்டு தடவை கேட்டிருந்தாய். கிடைத்துவிட்டது. எப்படி என்று நடந்தபடியே எழுதுகிறேன், பாதியில் வைக்காமல் படி.

பள்ளியில் சிறப்பு வகுப்புப் பிள்ளைகளைப் படிப்பு முடியும் முன் வேலைக்குப் பழக்கிப் பார்க்கிறார்கள், அதற்குப் பொறுப்பு பெலோனியா டீச்சர். முதலில் அனுப்பிய பேக்கரியில் அடுப்பு மணி அடிக்கும்போதெல்லாம் மெலிதா காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போய்விட்டாள். அடுத்து நாற்றுப் பண்ணையில் ஈர மண் விரலில் பட்டதும் அழுகை. போதும், வீட்டிலேயே கிடக்கட்டும் என்றேன். டீச்சர் விடவில்லை. "மனோங் அண்ணே, அவளுக்கு என்னென்ன வராதுன்னு நீங்க சொன்னது போதும். எங்க நின்னா ஓட மாட்டாளோ, அந்த இடத்தைத் தேடுவோம்" என்றாள். வேலை இடங்களின் படங்களைப் பரப்பி வைத்ததும் மெலிதா ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கின் படத்தை எடுத்துக்கொண்டாள். அன்று அதைக் கையில் பிடித்தபடியே தூங்கினாள்.

அந்தக் கிடங்கிலேயே சேர்த்தார்கள்; முதல் ஆறு மாதம் பக்கத்தில் இருந்து பழக்க ஒரு துணையாள் வேண்டும் என்பது விதி, பள்ளியில் ஆள் இல்லை. டீச்சர் இரண்டு நாள் கூட இருந்தாள், மூன்றாம் நாள் வேறொரு பிள்ளைக்கு வலிப்பு வந்து அங்கே ஓடிவிட்டாள். தனியாக விடப்பட்ட இவள் ரகளை பண்ணுவாள் என்று எல்லாரும் பயந்திருக்க, மத்தியானத்துக்குள் நாற்பது விரிப்புகளை மடித்து அடுக்கியிருந்தாள், ஒவ்வொன்றிலும் ஒரு முனை கடித உறை மாதிரி உள்ளே செருகியிருந்தது. கிடங்கை மேற்பார்வை பார்க்கும் நேனா என்னை வரச்சொல்லிக் காட்டினாள். "இப்படி மடிக்க இங்க ஒருத்திக்குத்தான் தெரியும். அவ ஈஸ்டருக்கு முன்னாடியே செத்துட்டா" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு மெலிதா தன் இடப்பக்கத்து வெற்றிடத்தைக் காட்டி, மனாங் என்றாள். உன்னைத் தவிர யாரையும் அவள் அக்கா என்று கூப்பிட்டதில்லை, உனக்கே தெரியும். மற்றப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு மேஜைகளைத் தள்ளிப் போட்டார்கள், இந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துங்கள் என்று நேனாவிடம் சொல்லியும்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல வெயில், மின்விசிறி ஓடவில்லை. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மெலிதா இரண்டு முனைகளைப் பிடித்து உதறினாள், எதிர் முனைகள் தரையில் விழவில்லை மகளே. குட்டையான ஒருத்தியின் தோள் உயரத்தில் விறைப்பாக நின்றன. பிறகு அடி அடியாக மெலிதாவை நோக்கி வந்து விளிம்போடு விளிம்பு சேர்ந்தன. மெலிதா சிரித்து, "மெதுவா, மனாங்" என்றாள். வாசலில் நேனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், இறந்தவளோடு பதினாலு வருஷம் வேலை செய்தவள் அவள். பெண்ணைக் கூட்டிப் போய்விடட்டுமா என்று கேட்டேன். "கூட்டிட்டுப் போனா ரெண்டு பேரும் தனியாயிடுவாங்க, மனோங்" என்றாள்.

ஜீப்னி வண்டியில் திரும்பும்போது, நாளையிலிருந்து அனுப்பக் கூடாது என்றே நினைத்திருந்தேன். பயமாக இல்லையா என்று மெலிதாவிடம் கேட்டேன். "பேக்கரிதான் பயம்" என்றாள். அங்கேயே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வேலைப் பத்திரம் எழுதினார்கள். துணையாள் பெயர் என்ற இடத்தை டீச்சர் காலியாக விட்டிருந்தாள். மெலிதா பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகக் கால் மணி நேரம் எழுதினாள். கொன்சோர்சியா. இறந்தவளின் அந்தப் பெயரை மெலிதா காதுபட யாருமே சொன்னதில்லை என்று நேனா சத்தியம் செய்கிறாள். டீச்சர் அதை அழிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டாள்.

கன்னித்தாய் உன்னைக் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மறக்காதே. நீ போன் பண்ணும்போது மெலிதா நடுவில் போனை இடப்பக்கம் நீட்டிப் பிடிப்பாள், சத்தமே வராது. வைத்துவிடாதே. மனாங், நலமா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறு.

உன் அப்பா,
தியோடுலோ