அப்பாவின் காலுக்குள் உன் கம்பி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்றுதான் முதல் வரியில் எழுத வேண்டுமாம், எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

போன மாதம் உன் அப்பாவுக்கு இடது காலில் ஆபரேஷன் நடந்தது. பதறாதே, இப்போது நடக்கிறார், என்னைத் திட்டவும் செய்கிறார், ஆகவே குணம்தான். ஆறு மாதமாகவே வெல்டிங் பட்டறையிலிருந்து வீடு வருவதற்குள் நாலு இடத்தில் நின்று நின்று வந்தார். ஏன் என்று கேட்டால் நகைக்கடை வாசலில் வேடிக்கை பார்த்தாராம். முப்பத்திரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு கம்மல் வாங்கித் தராத மனுஷர். கட்டைவிரல் கறுத்த பிறகும் தீப்பொறி பட்டது என்று சாதித்தார், உன் அண்ணன்தான் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலையே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். கம்பி வலையால் ஆன ஒரு சின்னக் குழலைக் குளிரவைத்து மடக்கி உள்ளே அனுப்புவார்களாம், உடம்புச் சூடு பட்டதும் அது தன் பழைய வடிவத்தை ஞாபகம் வைத்துத் தானே விரியுமாம், கால் வளைகிறபடி வளைந்தும் கொடுக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷனுக்கு ஆபரேஷன் என்றதும் சிரித்த மனைவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன வருஷம் நீ வந்திருந்தபோது, “இரும்புக்கு ஞாபகசக்தியாம், நாப்பது வருஷமா அடிக்கிறேன், ஒரு துண்டுகூட என் பேரச் சொன்னதில்ல” என்று வந்தவர்கள் முன்னால் உன் ஆராய்ச்சியைக் கேலி செய்தவர் ஆயிற்றே. நீயும் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாய், அப்பா குணம் அப்படியே வந்திருக்கிறது, வேறு எதுவும் வராவிட்டாலும்.

மயக்க மருந்து காலுக்கு மட்டும்தான் கொடுத்தார்களாம், பக்கத்துத் திரையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். வெளியே வந்ததும் போர்வையை விலக்கி விலக்கிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றுதான் அதை முதலில் பார்ப்பவர் மாதிரி. சாயங்காலம் மெதுவாக, “யாரும் தொடல, தானா விரிஞ்சுது” என்றார். கண் கலங்கியிருந்தது, மருந்து எரிகிறது என்றார், மருந்து போட்டது காலில். மறுநாளிலிருந்து பக்கத்துக் கட்டில்காரர், நர்ஸ், தரை துடைப்பவர் என்று ஒருவர் பாக்கியில்லை, என் மகள் செய்கிற வேலை இதுதான் என்று சொல்லிவிட்டார். வீடு திரும்புவதற்குள் உலகத்தில் உள்ள அத்தனை கம்பியையும் நீயே கண்டுபிடித்ததாக ஆக்கிவிட்டார், மற்றவர்களுக்கும் கொஞ்சம் விட்டுவையுங்கள் என்றேன் நான்.

உன்னிடம் மட்டும் சொல்ல மாட்டாராம், உனக்குத் தெரிவிக்கவும் கூடாதாம். வாய் அடைப்புக்கு இன்னும் அந்த மாதிரிச் சாமான் எதுவும் வரவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் வேண்டுமென்றே மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். அவர்தான் எடுப்பார், எடுத்ததும் அம்மாவைக் கூப்பிடுகிறேன் என்பார். கூப்பிடுவதற்குள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடு, அது போதும். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, நீடூழி நன்றாக இரு.

இப்படிக்கு,
இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவில் சம்பளமில்லாமல் தபால் சுமக்கும்
உன் அம்மா