சுங்கை மெரந்தியில் பறிபோகும் வளவும் திரும்பி வராத காணிக் கடிதமும்

அனுப்புநர்:
வேலுப்பிள்ளை தயாபரன்,
துப்புரவுப் பணியாளர்,
சூக்.

பெறுநர்:
வெளிநாடுகளில் தொழில் நடத்தும் சுவிஸ் நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளுக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்,
பேர்ண்.

பொருள்: இந்தோனேசியா, சுமாத்திராத் தீவு, ரியாவு மாகாணம், சுங்கை மெரந்தி கிராமத்தில் என் தம்பி மனைவியின் காணிக் கடிதத்தை ரோத்ஹால்டன் எனர்ஜி நிறுவனத்தார் வாங்கித் திருப்பித் தராமை, அக்குடும்பத்தை 31.01.2026க்குள் வீட்டை விட்டு எழும்பச் சொல்லியிருப்பதை நிறுத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

1. நான் கோண்டாவிலில் பிறந்து, இருபத்தாறு ஆண்டுகளாக இந்நாட்டில் வாழ்பவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பத்தாம் வகுப்புவரை படித்தேன். அதற்குமேல் கணிதம் என்னைக் கைவிட்டது, நானும் அதைத் தேடிப் போகவில்லை. இங்குள்ள டொச் மொழியில் எனக்கு நன்றாக வருபவை வேலைக்கு வேண்டிய சொற்களும் மன்னிப்புக் கேட்கும் சொற்களுமே. ஆகையால் தமிழில் எழுதுகிறேன். மகள் சிவானுஜா இதை டொச்சில் பெயர்த்து இணைப்பாள். "அப்பா, பகிடியெல்லாத்தையும் வெட்டிப்போட்டுத்தான் அனுப்புவன், ஒஃபிசுக்குப் போற கடிதம்" என்று சொல்லிவிட்டாள். மொழிபெயர்ப்பு இதைவிடக் குறுகியிருந்தால் ஏதோ மறைக்கப்பட்டதாகத் தாங்கள் எண்ண வேண்டாம்.

2. என் தம்பி லக்ஷ்மணன் 2011இல் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறியவர். படகு இந்தோனேசியாவோடு நின்றுவிட்டது, தம்பியும் நின்றுவிட்டார். அவரிடம் இருப்பது ஓர் அகதி அட்டை மட்டுமே. மாதம் ஒருமுறை நகரத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வர வேண்டும். சுங்கை மெரந்தியைச் சேர்ந்த ரோஸ்மாய்தா என்பவரை அங்குள்ள தேவாலயத்தில் மணந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். வீடும் வளவும் ரோஸ்மாய்தாவுக்குத் தகப்பன் கொடுத்தவை. அந்தக் குடும்பத்தில் காணியும் நாடும் உள்ளவர் அவர் ஒருவரே.

3. அந்தக் கிராமத்தைத் தாங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நானும் போனில்தான் பார்த்திருக்கிறேன். வளவின் ஓரமாக எண்ணெய்க் குழாய் நிலத்துக்கு மேலேயே போகிறது. உள்ளே ஓடுவது சூடாக இருப்பதால் சனங்கள் அதன்மேல் சாக்கை விரித்துப் பாக்குக் காயவைப்பார்கள், மழை நாளில் உடுப்பும் போடுவார்கள். எண்ணெய் இறைக்கும் இயந்திரங்கள் நம் ஊர்த் துலாவைப் போல ஏறி இறங்குகின்றன. மிதிக்க ஆள் தேவையில்லை. வாயுவை எரிக்கும் சுடர் அணைவதே இல்லையாதலால் சேவல்கள் நினைத்த நேரத்துக்குக் கூவுகின்றன. எண்ணெய் அவர்களுக்குப் புதிதன்று. அதோடு கோபமில்லாமலே வாழ்ந்து வந்தவர்கள். வளவில் இறப்பர் மரங்கள் நின்றன, கமுகு நின்றது, ஒரு கிணறு. அது போதுமாக இருந்தது.

4. 2024 மார்ச்சில் நிறுவனத்தின் ஆட்கள் வந்து, இன்னொரு குழாய் வளவுக்குள்ளால் போக வேண்டும், அதற்குச் சம்மதக் கையெழுத்தும் பரிசோதிப்பதற்குக் காணிக் கடிதத்தின் மூலப்பிரதியும் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஊரில் பலருக்குப் பதிவுசெய்த காணி உறுதி கிடையாது. கிராமத் தலைவர் எழுதி, இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்ட கடிதமே உறுதி. ரோஸ்மாய்தா அதை அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தவர். கொடுக்க மாட்டேன் என்றார்.

5. இவ்விடத்தில்தான் நான் வருகிறேன். தம்பி வந்தவர்களின் தலைக்கவசத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் இருந்த சின்னம், சூக்கில் நான் ஒவ்வொரு மாலையும் கழுவி அடுக்கும் கோப்பைகளில் இருக்கும் சின்னம். பதினொரு ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் மூன்றாம் மாடியைத் துப்புரவு செய்பவன் நான். எனக்கு வந்த பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "அட, இது எங்கட கம்பனியடா!" என்று சொன்னேன். எங்கட கம்பனி! அங்கே எனக்கிருந்த சொத்து ஒரு வாளியும் இரண்டு துடைப்பங்களுமே.

6. நான் ஏன் நம்பினேன் என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். அந்த மாடியில் குப்பைக்கு ஐந்து தொட்டிகள். ஒரு நாள் அங்குள்ள பெரியவர் ஒருவர் தேநீரைக் குடித்து முடித்ததும், தேநீர்ப் பையைப் பிரித்து, சாயத்தூளைப் பச்சைத் தொட்டியிலும், நூலில் தொங்கிய சிறு மட்டையைக் காகிதத் தொட்டியிலும், அதிலிருந்த கம்பித் துண்டை நகத்தால் கிளப்பி உலோகத் தொட்டியிலும் போட்டதை என் கண்ணால் கண்டேன். ஒரு தேநீர்ப் பைக்கு இவ்வளவு நீதி செய்கிறவர்கள் ஒரு குடும்பத்துக்கு அநியாயம் செய்வார்களா? மேலும், இந்நாட்டில் என் பிறப்புச் சான்றிதழையும் விவாகப் பதிவையும் எத்தனையோ அலுவலகங்கள் வாங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் பதிவுத் தபாலில், மடிப்புக் கலையாமல் திரும்பி வந்திருக்கிறது.

7. ஆகவே தம்பியிடம், "சுவிஸ்காரர் ஒரிஜினலை வாங்கினா திருப்பித் தருவினம். அவவைக் குடுக்கச் சொல்லு, நான் பொறுப்பு" என்றேன். ரோஸ்மாய்தா போனை வாங்கினார். என்னை அவர் 'அபாங்' என்று அழைப்பார். அவர்கள் பேச்சில் அண்ணை என்று பொருள். தம்பியிடம் பழகிய தமிழில், "அபாங், நிச்சயமோ?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டார். "ஓம், நிச்சயம்" என்றேன். 14.04.2024 அன்று கையெழுத்திட்டுக் கடிதத்தையும் கொடுத்தார்.

8. கடிதம் இன்றுவரை திரும்பவில்லை. வளவுக்குள் வந்ததோ குழாய் அன்று. இறப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க் கிணறு தோண்டும்போது வரும் சேற்றைக் கொட்ட ஒரு குழி வெட்டினார்கள். மழை பெய்ய அது நிரம்பி வழிந்தது. அதன்பின் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் படலம் மிதக்கிறது. அள்ளிய வாளியில் வானவில் தெரிகிறது. சின்னவளின் கைகளில் கொப்புளம். குடிதண்ணீரைத் தேவாலயத்திலிருந்து சுமக்கிறார்கள்.

9. 22.09.2025 அன்று ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணி முழுவதும் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகவும் வீடு நிறுவனத்தின் இடத்தில் நிற்பதாகவும் 31.01.2026க்குள் எழும்ப வேண்டுமென்றும் அது சொல்கிறது. ரோஸ்மாய்தா காணியை விற்கவில்லை. நட்ட ஈடென்று நீட்டியதையும் வாங்கவில்லை. ஆனால் காணி தன்னுடையது என்று காட்ட அவரிடம் இப்போது காகிதம் இல்லை. அக்கடிதத்தை எழுதிய கிராமத் தலைவர் காலமாகிவிட்டார். புதிய தலைவர் மூலப்பிரதியைக் கொண்டுவரச் சொல்கிறார்.

10. நான் சும்மா இருக்கவில்லை. ஒக்டோபர் மாதம் ஒரு நாள், கலியாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, பகல் பதினொரு மணிக்கு அந்த நிறுவனத்தின் முன்கதவால் போனேன். வரவேற்பிலிருந்த பெண்மணி நல்லவர். தினமும் எனக்கு வணக்கம் சொல்பவர். இன்று வெள்ளனவே வந்துவிட்டீர்களா என்று கேட்டு, துடைப்பங்கள் இருக்கும் அலுமாரியின் திறப்பை எடுத்து நீட்டினார். நான் கோட்டுடன் நின்றேன். பிறகு விஷயத்தைச் சொல்ல, ஒரு மின்னஞ்சல் முகவரி தந்தார். மூன்று கிழமைக்குப் பின் பதில் வந்தது: காணி விடயங்களை உள்ளூர் ஒப்பந்தக்காரரே கவனிக்கிறார். தம்பி ஒப்பந்தக்காரரிடம் போனார். அவர் சொன்னது: தீர்மானம் எடுப்பது சூக்கில். சூக்கில் கேட்டால் சுமாத்திரா, சுமாத்திராவில் கேட்டால் சூக். நடுவில் கிடக்கும் கடல் முழுவதும் எங்களுடையது போலும்.

11. இம்மனுவில் உள்ள எதுவும் அந்த அலுவலகத்துக்குள் இருந்து எடுக்கப்பட்டதன்று. என் மனைவி ஜெயகௌரி, "பதினொரு வருசமா அவையின்ர குப்பையைக் கொட்டுறியள். ஒரு கடுதாசியைத் திருப்பிப் பாத்திருக்கக் கூடாதோ?" என்று கேட்கிறார். பார்க்கவில்லை. பார்க்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதுவதால் அந்த மாடி எனக்கு இல்லாமல் போகலாம் என்பதும் தெரியும். தெரிந்தே பெயரைப் போடுகிறேன்.

12. ரோஸ்மாய்தாவின் அதிகாரக் கடிதம் இத்துடன் இல்லை. தம்பி மூலம் கேட்டேன். "எழுதட்டும். ஆனா இனி என்னட்டைக் கையெழுத்துக் கேக்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். மனு குறைபாடுடையது என்று தாங்கள் கருதினால் அக்குறை என்னுடையது.

ஆகவே தங்களைத் தாழ்மையுடன் வேண்டுவது:

அ) காணிக் கடிதத்தின் மூலப்பிரதி யாரிடம் உள்ளது என்பதை அந்நிறுவனம் எழுத்தில் சொல்லவும், அதை ரோஸ்மாய்தாவின் கையில் ஒப்படைக்கவும் ஆவன செய்யுங்கள்.

ஆ) அதுவரை அந்த வீட்டை எவரும் தொடாதிருக்கச் செய்யுங்கள். சனவரி முப்பத்தொன்றுக்கு அதிக நாள் இல்லை.

இ) நிறுவனத்தின் சம்பளம் வாங்காத ஒருவரைக் கொண்டு அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. தங்கள் பதில் எதுவாயினும் அதை எனக்கு அனுப்பாமல், இந்தோனேசிய மொழியில் எழுதி, தங்கள் முத்திரையுடன் நேரே ரோஸ்மாய்தாவுக்கே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். முகவரி இணைப்பில் உள்ளது. அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து அவர் என்னுடன் கதைப்பதில்லை. ஏசவும் இல்லை, ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தம்பி போனை நீட்டினால் வேலை இருக்கிறது என்று அப்பால் போகிறார். வீடு தப்பிவிட்டது என்ற நல்ல செய்தியேயானாலும், நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

இப்படிக்கு, தங்கள் பதில் அங்கே போய்ச் சேரும் நாளை எண்ணியிருக்கும்,

(ஒப்பம்)
வே. தயாபரன்

இடம்: சூக்
நாள்: 24.11.2025

இணைப்புகள்:
காணிக் கடிதத்தைக் கொடுக்குமுன் தம்பி எடுத்த படம் (ஒரு மூலையை அவரது பெருவிரல் மறைக்கிறது, அவ்விடத்தில் எழுத்து எதுவும் இல்லை என்கிறார்).
22.09.2025 அறிவித்தலின் படம்.
கிணற்றுத் தண்ணீரின் படங்கள் மூன்று.
நிறுவனத்தின் மின்னஞ்சல் பதில்.
திருமதி ரோஸ்மாய்தாவின் முகவரி.