செவ்வாய்க்கிழமை வாங்கிய ஓடிக்கொலோன்

அண்ணை,

நேற்று மெல்பேர்னில், உங்கள் உடலைப் பெட்டியில் வைத்திருந்த மண்டபத்தில், அண்ணி கைப்பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்தார். "இவரின்ரை தம்பியின்ரை ஓடிக்கொலோன். இவரோடையே போகட்டும்," என்று மூடியைத் திறந்தார். அந்த மணம் வந்ததும் நான் ஓரடி பின்னுக்கு நகர்ந்தேன். துக்கம் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். பயம், அண்ணை.

நாலு வருடத்துக்கு முன் கம்பனி என்னை இயந்திரப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு, கொலோன் நகரத்துக்கு அனுப்பியது. படிக்கப் போன உங்கள் கூடப்பிறந்த தம்பி அங்கேதான் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தான். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "போன உடனை அவனைப் பார். தனியக் கிடக்கிறான். நீ வாறாய் எண்டு எழுதிப் போட்டன்." நானும் பெரிய ஆள் மாதிரி, "ஓம் அண்ணை, நீங்கள் யோசியாதேங்கோ," என்றேன்.

போய் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்டேஷன் வாசலிலேயே அந்தப் பெரிய தேவாலயம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்தது. சுற்றிவர உலகப் போருக்குப் பின் கட்டிய புதுக் கட்டடங்கள். அது மட்டும் எரிந்த வீட்டில் மிஞ்சிய சுவர் போலக் கறுத்து நின்றது. மணி அடித்தபோது நெஞ்சுக்குள் அதிர்ந்தது. கடைத்தெருவில் தேர்த்திருவிழாக் கூட்டம், ஆனால் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரைன் ஆற்றுப் பாலத்தில் ரயில் மேல் ரயில். எல்லாவற்றையும் அன்றைக்கே பார்த்துவிட ஆசை வந்துவிட்டது.

நோயாளியைச் செவ்வாயில் பார்க்கப் போகிறதில்லையே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. செவ்வாய், வெள்ளி பார்க்கிற உங்களை எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறேன்! அன்று மட்டும் எனக்குச் சாத்திரம் வந்துவிட்டது. கோபுரப் படியெல்லாம் ஏறினேன். ரோமர் காலத்துச் சித்திரத் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று, ஊரில் காய்ச்சல்காரர் நெற்றியில் தடவுகிற ஓடிக்கொலோனை அது பிறந்த ஊரிலேயே ஒரு போத்தல் வாங்கினேன்.

புதன் காலை போனேன். கட்டிலில் புது விரிப்பு. நேற்றுப் பின்னேரம் முடிந்துவிட்டது என்று தாதி தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். பகல் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தானாம். தலையணைக்குக் கீழே உங்கள் கடிதம் இருந்ததாம்.

திரும்பி வந்து உங்களிடம் பொய் சொன்னேன். இறங்கிய உடனே போனேன், கடைசிவரை பக்கத்தில் இருந்தேன், நெற்றியில் தடவிவிட்டேன் என்று. பொய்க்குச் சாட்சி வேண்டுமே, விமானத்துக் கழிவறையில் பாதிப் போத்தலை ஊற்றியிருந்தேன். மிச்சத்தை நீங்கள் இரண்டு கையாலும் வாங்கினீர்கள். "அவன் தனியச் சாகேல்லை. எனக்கு அது காணும்," என்றீர்கள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் குசினியில் முதல் சோறு எனக்குத்தான். உண்மையைச் சொல்லவென்றே பல தரம் வந்தேன். "வாடா தம்பி" என்று கதிரையை இழுத்துப் போடுவீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவேன். வெட்கங்கெட்டவன் நான்.

நேற்று அண்ணி போத்தலை என்னிடம்தான் நீட்டினார். "நீங்களே தடவிவிடுங்கோ. அவனுக்கும் நீங்கள்தானே தடவினனீங்கள்."

உங்கள் நெற்றி குளிர்ந்து கிடந்தது. தடவினேன். அண்ணை, அந்தப் போத்தலிலிருந்து நான் ஒரு மனிதனுக்குத் தடவியது அதுதான் முதல் தரம்.