தேதி தள்ளிப்போனால் போகட்டும்

அன்புள்ள அம்மா,

நீயும் அப்பாவும் சௌக்கியமா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபரேஷனில் எடுத்த உறுப்புகளைச் சோதிப்பதுதானே எங்கள் ஆய்வகத்தின் வேலை? போன வாரம் ஒரு கர்ப்பப்பை வந்தது. உனக்கு எடுக்கப்போவதைப் போலவே, கீழே இறங்கிவிட்ட அடியிறக்கம் என்று எடுத்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே புற்றுநோய். ஆரம்ப நிலைதான், பயப்படாதே. அந்த அம்மா தெம்பாக இருக்கிறார்.

"மாதவிலக்கு நின்ன பிறகும் ரத்தம் பட்டுச்சுன்னு ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று டாக்டர் கேட்டாராம்.

"சொன்னா தேதியைத் தள்ளி வச்சிடுவீங்க. என் மருமக மறுபடி லீவு கேட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா" என்றாராம். இதைக் கேட்டு ஆய்வகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்கும் இரண்டு முறை பட்டதாமே. சித்திதான் சொன்னாள், அவளைத் திட்டாதே. உன் ஆபரேஷனுக்காக நான் போட்ட லீவு வீணாகும் என்றுதானே டாக்டரிடம் மறைத்தாய்? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடு. ஸ்கேன் எடுத்து, உள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்று இருந்தால் ஆபரேஷனையே வேறு விதமாகச் செய்ய வேண்டும். தேதி தள்ளிப்போனால் போகட்டும், லீவை மாற்றிக்கொள்கிறேன்.

உன் பழைய நைட்டி ஒன்று அனுப்பு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை, உன் வாசனை இருக்கும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. டாக்டரிடம் சொல்ல வாய் வராவிட்டால் அவர் அறையிலிருந்தே எனக்குப் போன் போடு. எனக்கும் கூச்சம்தான், ஆனாலும் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் மகள்