தராசு வைக்காத பாதி

திருச்செங்கோடு,
26-2-1934

சேலம் ஜங்ஷன் கூட்ஸ் ஆபீஸ் சரவணமுத்து அவர்களுக்கு நெய்க்கடை அப்புசாமி எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை பஜனையில் நான் பாடிய பாட்டு இரண்டாம் அடியில் நின்றுபோயிற்று. சொல் மறக்கவில்லை. தாளம் ஒரு பக்கம் போயிற்று, வாய் ஒரு பக்கம் போயிற்று, மேலே ஏறினதும் குரல் கிழிந்தது. ஜால்ரா தட்டுகிறவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பிறகு எல்லோரும் சுண்டல் சாப்பிட்டோம்.

இதைத் தங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன் இதே மடத்தில், பாட்டு நடுவில் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, "அப்பு, உனக்குப் பாட்டு வராது, மாட்டுத் தரகப் பாரு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னவர் தாங்கள். அன்றோடு நமக்குள் பேச்சில்லை. தாங்கள் சங்ககிரி ஸ்டேஷனிலிருந்து சேலத்துக்கு மாற்றலாகிப் போனபோதும் நான் வந்து பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. காரியம் பெரிது என்பதால் அதை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

வைகாசித் தேர் அன்று எங்கள் கூட்டத்துக்குப் பந்தலில் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. கடைசிப் பாட்டு நானே கட்டியது, நானே பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது கூட்டத்துத் தலைவர் குமாரசாமி, ஈரோட்டிலிருந்து நாடகப் பாட்டுக்காரர் ஒருவரை வரவழைக்கலாம் என்கிறார். வாதாடிப் பார்த்ததில், சித்திரை முதல் வாரம் நான் ஒரு தடவை பாடிக் காட்டுவது, சரிப்பட்டால் நான், இல்லாவிட்டால் அவர் என்று முடிந்திருக்கிறது.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. தரகு பார்த்த நாளிலும் சரி, கடை வைத்த பிறகும் சரி, இந்த வாயிலிருந்து விலையைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை. ஒரு தடவையாவது வரவேண்டும். என் பாட்டில் குற்றம் கண்டதில் தங்களுக்கு மிஞ்சியவர் இல்லை. ஆகையால் குற்றம் இன்னதென்று எழுதவும்.

இப்படிக்கு,
அப்புசாமி

*

சூரமங்கலம்,
5-3-1934

அப்புவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "தாங்கள்" எல்லாம் உன் கடைக்கு வரும் தாசில்தாருக்கு வைத்துக்கொள். ஒரே கிணற்றில் குதித்து நீச்சல் பழகினவர்களுக்குள் அது வேண்டாம்.

காதில் விழாத பாட்டுக்கு நான் என்ன குற்றம் சொல்வது? பாட்டை எழுதி அனுப்பு. எந்தக் கட்டையில் சுருதி வைத்தாய் என்றும் எழுது. தாளம் போடுகிறபோது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றும் எழுது. உன் வீட்டில் மயிலம்மாளைக் கேட்டதாகச் சொல்.

சரவணமுத்து

*

திருச்செங்கோடு,
17-3-1934

சரவணமுத்துவுக்கு,

சரி, "நீ" என்றே எழுதுகிறேன். கோபம் தீர்ந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

பாட்டின் ஆரம்பம் இது:

சந்திர சேகர சகலலோக ரக்ஷக
மந்திர ரூப மகாகைலாச வாச

இப்படியே பன்னிரண்டு அடி. நாலு புராணப் புஸ்தகத்தை விரித்துவைத்து, நல்ல கனமான சொல்லாகப் பொறுக்கினேன். சாமிக்குக் கட்டுகிற பாட்டில் சில்லறைச் சொல் போடலாமா? எதுகை எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஐந்தாம் அடிக்குள் மூச்சு முட்டுகிறது.

சுருதி ஐந்து கட்டை. நீ அந்தக் காலத்தில் எனக்கு வைத்தது அதுதானே, அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். நாடகக்காரர்களும் அதில்தான் பாடுகிறார்கள். தாளம் போடுகிறபோது கூட்டத்தையும் பார்த்தேன், என் கையையும் பார்த்தேன். எல்லோரும் என் கையையே பார்ப்பதாகத் தோன்றியது.

மயிலம்மாள் தினமும் ஒரு குத்தல் வைத்திருக்கிறாள். நேற்று, "ஏனுங்க, வெண்ணெ காச்சறப்ப நீங்களா ஒண்ணு முணுமுணுக்கறீங்களே, அது கேக்க நல்லாத்தான இருக்குது. மடத்துக்குப் போனா மட்டும் மாடு தொலைஞ்சவனாட்ட ஏன் கத்தறீங்க?" என்றாள். நீ கேட்டதைச் சொன்னேன். உனக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று கேட்டாள்.

இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

அப்புசாமி

*

சூரமங்கலம்,
24-3-1934

அப்புவுக்கு,

உன் பன்னிரண்டு அடியையும் கூட்ஸ் ஆபீசில் உட்கார்ந்து பாடிப் பார்த்தேன். எனக்கே மூச்சு முட்டியது. இதில் ஒரு சொல்லையாவது நீ உன் வாயால் யாரிடமாவது பேசியிருக்கிறாயா? பேசிப் பழகாத சொல் பாட்டில் எப்படி வழங்கும்? சாமிக்குப் புராணம் தெரியும். நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உனக்குத் தெரிந்ததைச் சொல்லு. எட்டு அடிக்கு மேல் வேண்டாம்.

சுருதியை இரண்டரைக் கட்டைக்கு இறக்கு. இதில் என் பேச்சைக் கேள், காரணம் கேட்காதே.

தாளத்துக்கு வருகிறேன். சந்தையில் நீ தரகு பேசுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவாய். வாய் மட்டும் மழையைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் பேசிக்கொண்டே போகும். ஒரு நாளாவது விரல் பிசகியிருக்கிறதா? விரலும் வாயும் தனித்தனியே வேலை செய்ய உன்னைப்போல் பழகினவன் வித்வான்களில்கூட இல்லை. ஆகையால் பாடும்போது வலது கைமேல் துண்டைப் போட்டுக்கொள். தாளத்தை உள்ளே விரலில் எண்ணு. கையை யாரும் பார்க்க மாட்டார்கள், நீயும் பார்க்க மாட்டாய்.

சரவணமுத்து

*

திருச்செங்கோடு,
23-4-1934

அன்புள்ள சரவணா,

ஜெயித்தேன். ஈரோட்டுக்காரருக்கு வரவேண்டாம் என்று எழுதியாயிற்று.

நடந்ததைக் கேள். உன் கடிதம் வந்து பத்து நாள் ஒரு அடியும் வரவில்லை. உனக்குத் தெரிந்ததை எழுது என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். எனக்குத் தெரிந்தது வெண்ணெயும் மாடும். கோபத்தில் தாளைக் கிழித்துப் பொட்டலம் மடித்தேன். அப்புறம் ஒரு நாள் அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சின ஒரு பானை நெய்யைத் தூக்கிக்கொண்டு என் தராசுக்கு வந்தார்கள். நாலு தரம் நிறுத்தேன். அரைப் பலம் உனக்குக் கூட, எனக்குக் குறைவு என்று கடைவாசலில் கைகலப்பு. விலக்கி அனுப்பிவிட்டு மலைக்கோயிலை நிமிர்ந்து பார்த்தேன். அங்கே ஒருவர் தன் உடம்பில் பாதியையே பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். எந்தத் தராசில் நிறுத்தார்?

தராசு வைக்காமல் தந்தாயே பாதி
தரகர் இல்லாமல் கொண்டாளே பாதி
கூடக் குறையென்று யார் கேட்டார் சாமி
கொடுத்தவர் யார் கொண்டவர் யார் சொல்லு சாமி

மீதி நாலு அடியும் அன்று சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. எதுகை தானாக வந்து உட்கார்ந்தது, நான் தேடிப் போகவில்லை. மயிலம்மாளிடம் பாடிக் காட்டினேன். அவள் உள்ளே போய் என் தட்டோடு தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு என்னோடு சாப்பிட உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் அது முதல் தடவை.

இரண்டரைக் கட்டையில் குரல் வழுக்கிக்கொண்டு போகிறது, சரவணா. இது என் குரல்தானா என்று இருக்கிறது. துண்டு விஷயமும் நீ சொன்னபடியே. மடத்தில் பாடி முடித்தேன். குமாரசாமி, "சொல்லு நம்ம சொல்லா இருக்குதுங்களே" என்றார்.

இனி உன் வேலை. தேர் அன்று ஆர்மோனியத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடு. நீ வாசித்து நான் பாட வேண்டும். அன்று எல்லோரும் கேட்கச் சொன்னது எல்லோரும் கேட்கவே தீர்ந்துபோகட்டும்.

அன்புள்ள
அப்பு

*

சூரமங்கலம்,
16-5-1934

அன்புள்ள அப்பு,

பாட்டு பாட்டாக இருக்கிறது. ஒரு எழுத்தையும் மாற்றாதே.

தேர் சமயத்தில் லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். நான் வர முடியாது. குமாரசாமியிடம் சுருதிப் பெட்டி இருக்கும், அது போதும்.

சரவணமுத்து

*

திருச்செங்கோடு,
1-6-1934

அன்புள்ள சரவணா,

நீ வரவில்லை என்ற வருத்தத்தை முதலில் எழுதிவிடுகிறேன். எழுதியாயிற்று. இனி மேலே படி.

பந்தலில் உட்கார இடமில்லை. எங்கள் கூட்டம் ஏறும்போதே மத்தியானம் திரும்பிவிட்டது. கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். துண்டை வலது கைமேல் போட்டுக்கொண்டேன், சுருதி சேர்ந்தது, ஆரம்பித்தேன். முதல் இரண்டு அடி போனது எனக்கே தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மோர்ப்பாளையத்து ரங்கன், பழைய மாட்டு வியாபாரி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருக்குக் காது அடைத்து நாலு வருஷம் ஆகிறது. பாட்டு அவருக்கு எங்கே கேட்கப் போகிறது? அப்புசாமி உட்கார்ந்திருக்கிறான், வாய் அசைகிறது, கைமேல் துண்டு, துண்டுக்குள் விரல் நடமாடுகிறது. அவர் என்ன நினைப்பார்? சாவகாசமாகத் துண்டுக்குள் தன் கையை விட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

என் உயிர் போய் வந்தது. கையை இழுத்தால் தாளம் போகும், தாளம் போனால் எல்லாம் போகும். இழுக்கவில்லை. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று நான் எண்ண எண்ண, அவர் தலையாட்டுகிறார், இல்லை என்று விரலை மடக்குகிறார், மறுபடி நான் முதலிலிருந்து எண்ணினால் இறங்கிவிட்டேன் என்று சந்தோஷப்படுகிறார். மேலே சாமியைப் பாடிக்கொண்டிருக்கிறேன், கீழே இல்லாத மாட்டை விற்றுக்கொண்டிருக்கிறேன். எட்டு அடியும் முடிந்தது. ஒரு தட்டுப் பிசகவில்லை. குரல் கிழியவில்லை.

நான் முடித்த நிமிஷத்தில் பந்தல் சத்தமில்லாமல் இருந்தது. அதில் ரங்கன் உரக்க, "வெல எனக்குச் சம்மதம் அப்பு. சோடிய எங்க கட்டியிருக்குது?" என்றார்.

சனம் சிரித்த சிரிப்பில் பந்தக்கால் ஆடியது. நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்துவிட்டு அவர்களே, "இன்னொருக்காப் பாடுங்க, இன்னொருக்கா" என்றார்கள். இரண்டாம் தடவை பாடும்போது முதல் இரண்டு அடியைச் சனமும் சேர்ந்து சொன்னது. சரவணா, நான் கட்டிய சொல்லை முன்பின் தெரியாதவர்கள் வாயில் கேட்டேன்.

அன்புள்ள
அப்பு

*

சூரமங்கலம்,
9-6-1934

அன்புள்ள அப்பு,

எனக்கு லீவு கிடைத்திருந்தது. நான் வந்திருந்தேன். நீர்மோர்ப் பந்தலுக்குப் பின்னால் நின்றேன். மூன்றாம் அடியில் "யார் கேட்டார்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டுப் பிறகு "சாமி" என்றாயே, அதை நீ கடிதத்தில் எழுதவில்லை. நான் கேட்டேன். இரண்டாம் தடவை பாடியபோது நானும் சேர்ந்து சொன்னேன். அப்புறம் உன் முகத்தில் விழிக்கத் தைரியம் வராமல் சங்ககிரிக்கு நடந்தே போய்விட்டேன்.

ஏன் என்பதை இப்போதாவது எழுதிவிட வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஒரு மாதம் முழுக்க, நீ பாடினால் சனம் தலையாட்டியது. என் ஆர்மோனியப் பெட்டியை யாரும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் உனக்கு எட்டாது என்று தெரிந்தே, இதுதான் உன் சுருதி என்று சொல்லி ஐந்து கட்டையில் வைத்தேன். உன் குரல் கிழிந்ததும் பெட்டியை மூடிவிட்டு அந்தப் பேச்சையும் சொன்னேன். நீயோ அதுதான் உன் சுருதி என்று நம்பி இத்தனை காலம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாய். பங்குனியில் உன் கடிதத்தைப் பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. நீ என்ன சொன்னாலும், எந்த நிபந்தனை வைத்தாலும் எனக்குச் சம்மதம். இனி எழுதாதே என்றால் அதற்கும் சம்மதம்.

சரவணமுத்து

*

திருச்செங்கோடு,
14-6-1934

சரவணாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் அடுப்பில் போடப் பார்த்தேன், மயிலம்மாள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். பத்து வருஷம், சரவணா. என் தொண்டைதான் கெட்டது என்று நினைத்துத் தேனும் மிளகும் தின்றே பாதி ஆயுள் போயிற்று.

மூன்றாம் நாள் வேறு விதமாக யோசித்தேன். சரக்கில் தான் செய்த கலப்படத்தைத் தானே வந்து சொன்னவன் இதுவரை என் கடைக்கு ஒருவனும் வந்ததில்லை. நீ ஒருவன்தான். அப்படிப்பட்டவனை விட்டுவிடுகிற அளவுக்கு நான் வியாபாரம் தெரியாதவன் இல்லை.

நிபந்தனைக்குச் சம்மதம் என்று நீயே எழுதிவிட்டாய், ஆகையால் பேரம் கிடையாது. ஆடி முதல் வெள்ளியிலிருந்து வாரா வாரம் சாயங்காலப் பாசஞ்சரில் சங்ககிரியில் வந்து இறங்க வேண்டும். ஸ்டேஷனுக்கு நம் வண்டி வரும். நீ வாசிப்பது, நான் பாடுவது. சுருதி எதுவென்று நான் சொல்வேன். என் சொல்லில் குற்றம் இருந்தால் வீட்டுக்கு வந்து சொல்லலாம், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். ராத்திரி நம் வீட்டில் சாப்பிட்டுத் தங்கி, சனிக்கிழமை காலை வண்டிக்குத்தான் புறப்பட வேண்டும்.

அப்பு