அப்பா மாற்றிப் போட்ட ஸ்வெட்டர்

கோவ் ஹார்பர், மாசசூசெட்ஸ்
அக்டோபர் 19

அன்புள்ள ஆல்டனுக்கு,

அம்மா எழுதுவது. டோக்கியோவில் நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், இங்கேயும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதத்தான் கை வரவில்லை. நாய் நன்றாக இருக்கிறது. படகைக் கரையேற்றிவிட்டேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அப்பாவுக்குத்தான் சரியில்லை. போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோதே சரியில்லை, அன்றைக்கே உன்னிடம் சொன்னேன், நீ சிரித்தாய். "அம்மா, அதுதாம்மா அப்பா ஸ்டைலு, காசு கொடுத்தாலும் வராது" என்றாய். ஸ்வெட்டரின் உள்பக்கம் வெளியே தெரிய, நூலெல்லாம் தொங்க, சமையலறையில் திகைத்து நின்ற மனுஷனைப் படம் எடுத்துக்கொண்டுபோய் உன் துணிக்கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறாய். அதைப் பார்த்து அங்கே பையன்களும் ஸ்வெட்டரைத் திருப்பிப் போடுகிறார்கள் என்று பெருமையாக வேறு எழுதுகிறாய். நல்ல பிழைப்பு.

உன்னை மட்டும் சொல்லி என்ன, நம் படகுக் கிளப்பில் இருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான். புதுச் சட்டை போட்டு வந்தவனை நேற்றுப் பணம் பார்த்தவன் என்று ஓரக்கண்ணால் பார்க்கிற பரம்பரைப் பணக்காரக் கூட்டம் நம் கூட்டம். காலர் நைந்திருக்க வேண்டும், கோட்டு தாத்தாவுடையதாக இருக்க வேண்டும், படகுச் செருப்பு பிய்ந்தால் டேப் சுற்றிப் போட வேண்டும், பனியிலும் சாக்ஸ் போடக் கூடாது. ஜூன் மாதம் கிளப் விருந்துக்கு அப்பா ஒரு காலில் பழுப்புச் செருப்பும் இன்னொரு காலில் ரப்பர் பூட்ஸும் போட்டு, இடுப்பில் படகுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தார். என் சிநேகிதி பிட்ஸி அப்பாவைக் காட்டிக் கை தட்டினாள். "எங்க ஸ்கிப் மாதிரி யாருக்குடி வரும், பொறந்தப்பவே வந்திருக்கணும்" என்றாள். அடுத்த வாரம் அவள் மருமகன் இரண்டு காலில் இரண்டு விதமாகப் போட்டுக்கொண்டு வந்தான். அப்பா ஒரே ஜோக்கை ஒரே சாப்பாட்டில் மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் சிரித்தார்கள், இங்கே எல்லாரும் காலேஜில் கற்ற ஜோக்கைத்தானே சாகும்வரை சொல்கிறார்கள். பெயர்கள் மறந்துபோய் எல்லாரையும் "என்னடா கிழவா" என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவும் பழைய வீட்டுப் பிள்ளை என்பதற்கு அடையாளமாகிவிட்டது. பிட்ஸியைத் தனியாகக் கூட்டிப் போய் எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். "ஜின் ஊத்திக்கோ, இதையெல்லாம் வெளியே பேசாதே, நல்லாருக்காது" என்றாள்.

போன சனிக்கிழமை மூடுபனியில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கேயோ தெற்கே ஒரு மீன்பிடித் துறையில் கரையேறி, எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறார். கிழிசலையும் கயிற்றையும் பார்த்து வீடு வாசல் இல்லாதவர் என்று நினைத்து, போலீஸ்காரர் அவரை மாதாகோவில் கஞ்சிக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார். படகு யாருடையதோ என்று தனியாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். விவரம் தெரிந்து நான் ஓடிப் போய், இவர் என் கணவர், படகு எங்களுடையதுதான் என்றேன். அந்தப் போலீஸ்காரப் பிள்ளை என் ஸ்வெட்டரின் முழங்கை ஓட்டையைப் பார்த்தார், ரொம்ப மரியாதையாக, "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்றார். நான் சாப்பிட்டேன் ஆல்டன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்தேன். அழுகையை அடக்க வேறு வழி தெரியவில்லை.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் போகிற நோய், ரெண்டு வருஷமாகவே இருந்திருக்கும் என்றார். உடை உடுத்துவதில் தடுமாற்றம்தான் முதலில் தெரிந்திருக்குமே, வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். சீக்கிரமே பார்த்திருந்தால் கொஞ்ச நாளாவது தள்ளிப் போட்டிருக்கலாமாம். இரண்டு வருஷம் மனுஷன் நம் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தார், நாம் கை தட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த ஸ்வெட்டரைக் கடைக் கண்ணாடியில் வைக்க அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்ப மாட்டேன். தினமும் காலையில் அதை எப்படிப் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நான்தான் மாட்டிவிடுகிறேன், நேர்ப்பக்கமாக. உன் பெயரை இன்னும் சரியாகச் சொல்கிறார். எத்தனை நாளைக்கு என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுக் கிளம்பு. கிளம்புமுன் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கு, அது ஸ்டைல் இல்லையடா, நோய்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், கடவுள் உனக்குக் குறையொன்றும் வைக்காமல் காப்பாற்றட்டும். கோபத்தில் எழுதினாலும் நீ என் பிள்ளைதான். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, வரும்போது கடையில் வாங்கின புதுச் சட்டையை, மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வா. இந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

உன் அம்மா,
ப்ரூடென்ஸ்