உன் பெயரில் அறுநூறு படங்கள்

நண்டு திரும்பி வந்துவிட்டது. இன்று காலை, மரப்பெட்டியில், நார்வேயிலிருந்து. ஆணிகளைப் பிடுங்கி மூடியைத் தூக்கியதும் ஒரு வாசனை. பாசி வாசனைதான். ஆனால் நம் துறைமுகத்துப் பாசி இல்லை. டீசலும் நிலக்கரித் தூளும் கலக்காத ஏதோ ஒரு குளிர்ந்த கடல். சக்கரத்தின் இடுக்கில் பழுப்பாக ஓர் இழை ஒட்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பினேன். திரும்பிய பிறகுதான் தெரிந்தது, உன்னிடம் காட்டத் திரும்பியிருக்கிறேன் என்று.

நீ போய் ஏழு மாதம்.

கப்பலின் அடித்தகட்டில் காந்தச் சக்கரங்களால் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து படம் எடுக்கும் இந்தப் பெட்டிக்கு நண்டு என்று பெயர் வைத்தது நீ. நான் வைத்த பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. நான்கு எழுத்து, நடுவில் ஒரு கோடு. "இதச் சொல்லிக் கூப்ட்டா அதுவே திரும்பிப் பாக்காதுலே" என்றாய்.

பத்தாம் வகுப்பு வரை நமக்கு ஒரே பெஞ்சு. அதன்பின் நான் சென்னைக்குப் படிக்கப் போனேன். நீ கப்பலுக்கு அடியில் போனாய். ஒட்டியிருப்பதைச் சுரண்டுவது, வெல்டிங்கைப் பார்த்துச் சொல்வது. மேலே வரும்போது சில நாள் காதில் ரத்தம். நான் திரும்பி வந்து, மில்லர்புரத்தில் ஒரு மாடி அறை எடுத்து, கம்பெனி என்று சொன்னபோது நீ கேட்ட ஒரே கேள்வி, "ஏசி உண்டா?"

இங்கே யாரும் வாங்கவில்லை. ஒவ்வொரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸாக ஏறினோம். "டைவர் ஒருத்தனயும் கூட்டிட்டு வந்து, இனி டைவரே வேண்டாம்னு சொல்லுதியளே தம்பி" என்று ஒரு அண்ணாச்சி உன்னைப் பார்த்துச் சிரித்தார். நீயும் சிரித்தாய். படியிறங்கும்போது வலது காதைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "இது போச்சுல்லா. அடுத்தவனுக்குப் போவாண்டாம். அவ்வளவுதான் நம்ம கம்பெனி." நான் அதையே முதலீட்டாளர்களுக்காக இருபது பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

வெளிநாடு என்று யோசித்தது நான்தான். கப்பல் கட்டும் தளங்கள், கடலுக்குள் நிற்கும் காற்றாலைகள். அந்தக் காற்றாலைகளின் கால்களை வருடந்தோறும் யாராவது இறங்கிப் பார்த்தாக வேண்டும். "அந்தத் தண்ணில பல்லு கிட்டிக்கிடும். நண்டு மட்டும் போட்டும்" என்றாய்.

நண்டு படம் எடுக்கும். படத்தில் இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் ஆயிரக்கணக்கான படங்களை ஒரு மனிதன் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் விடை அழுத்த வேண்டும்; அந்த விடைகளிலிருந்துதான் அது கற்றுக்கொள்ளும். நான் ஐந்து பொத்தான்கள் வைத்திருந்தேன். சுத்தம், பாசி, சிப்பி, துரு, விரிசல். முதல் நாள் மாலையே நீ என்னைக் கூப்பிட்டாய்.

"ஆறாவதா ஒண்ணு வை."

"என்னது?"

"தெரியலன்னு ஒரு பட்டன்."

"மெஷின் விக்கப் போறோம்லே. வாங்குதவன் தெரியலன்னு கேக்கவா துட்டு குடுப்பான்?"

"இந்தப் படத்தப் பாரு. துருவா, வெறும் கறையா?"

"நீதானே இதே கப்பலுக்குக் கீழ போனவன். நீ சொல்லு."

"போனதாலதான் தெரியலங்கேன். போகாதவன்னா பட்டுனு சொல்லிருப்பான்."

இரண்டு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் ஆறாவது பொத்தானை வைத்தேன். நாலாயிரம் படங்களில் அறுநூறுக்கு நீ அதை அழுத்தினாய். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன். "ஆமா, படுத்துக்கிட்டே அமுக்குனேன்" என்றாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல். நான்கு நாள். கப்பலுக்கு அடியில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்தவன், நான்கு நாள் காய்ச்சலில். இதை இன்னும் என்னால் ஒரு வாக்கியமாக எழுத முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரம், நாம் எழுதிக் கேட்டிருந்த நார்வேக் காற்றாலைக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார்கள். இரண்டு நிபந்தனைகள். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்தில் ஒரு விடை இருக்க வேண்டும். விடை சொன்னவர் கப்பலுக்கு அடியில் வேலை செய்தவராக இருக்க வேண்டும்.

ஒன்பது பேருக்கு வேலை. அடுத்த மாதச் சம்பளத்துக்கே வழி தெரியாத கம்பெனி. கப்பலுக்கு அடியில் வேலை செய்தவன் நீ ஒருவன்தான்.

உன் பெயரில் உள்ளே நுழைந்தேன். உன் கடவுச்சொல் எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், சுவரில் எழுதி ஒட்டியிருந்தாய். அறுநூறு படங்கள். துரு, துரு, சிப்பி, சுத்தம், துரு. இரண்டு பிற்பகலில், நாளுக்கு இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். நான் ஒரு கப்பலின் அடிப்பக்கத்தை நேரில் பார்த்ததே இல்லை.

நஸ்ரின் கவனித்துவிட்டாள். காயல்பட்டினத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாளே, நீ ஹெல்மெட்டை ஒளித்து வைத்து அழவிட்டாயே, அவள்தான் இப்போது மென்பொருள் முழுவதையும் பார்த்துக்கொள்கிறாள்.

"ஸ்க்ரீன்ல அண்ணன் பேரு பச்சையா எரியுதே. யாரு உள்ள இருக்கது?"

"நான்தான். சும்மா பாக்கேன்."

அவள் தன் திரைக்குத் திரும்பினாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. அந்த விடைகளோடு நார்வேக்குப் போன நண்டு அங்கே நன்றாக வேலை செய்தது. குளிர்ந்த கடலில் காற்றாலையின் கால் மீது ஏறி, தயக்கமே இல்லாமல் இது துரு, இது சுத்தம் என்றது. அவர்கள் சுரண்டிப் பார்த்த இடங்களில் அநேகமாகச் சரியாகவும் இருந்தது. அப்படியென்றால் உன் தயக்கம் தேவையில்லாததா? அல்லது அவர்கள் சுரண்டாத இடத்தில் ஏதாவது இருக்கிறதா? நான் குருட்டாம்போக்கில் அழுத்தியது எப்படிச் சரியானது? சரியானதுதானா?

வீடியோ அழைப்பில் அவர்களுடைய பொறியாளர், நடுவயதுப் பெண், மெதுவாகப் பேசுபவர், உன்னைப் பாராட்டினார். கவனமான மனிதர், ஒரு படத்துக்குச் சராசரியாக ஒரு நிமிடம் எடுத்திருக்கிறார் என்றார். எத்தனை நேரம் ஆனது என்பதும் பதிவாகும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். பிறகு கேட்டார்: கடைசி இரண்டு நாளில் மட்டும் படத்துக்கு நான்கு வினாடி, அவருக்கு என்ன ஆயிற்று?

"பழகிவிட்டது" என்றேன்.

அவர் சிரித்தார். உன்னுடன் ஒருநாள் பேச வேண்டும் என்றார். மறுநாள் ஒரு படிவம் வந்தது. எல்லா விடைகளையும் நீயே சொன்னாய் என்று நான் கையெழுத்திட வேண்டும். இட்டால் ஒப்பந்தம்.

நான்கு நாள் படிவம் மேசையில் கிடந்தது. நல்லவன் என்பதால் தயங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கலாம். நீ இறந்த தேதியை அவர்கள் கேட்டுவிட்டால், அதற்குப் பின்னும் உன் பெயர் இரண்டு நாள் வேலை பார்த்திருக்கிறதே. எது என்னை எழுத வைத்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எழுதினேன். நீ இறந்துவிட்டாய், அந்த அறுநூறும் நான் அழுத்தியவை, அவற்றுக்கு நீ சொன்ன விடை வேறு. அனுப்பும் முன் நஸ்ரினிடம் காட்டினேன்.

இரண்டு முறை படித்தாள். "இத அனுப்புனா அவங்க ஒப்பந்தத்துக்கு வரமாட்டாங்க."

"ம்."

"அண்ணன் இருந்தா என்ன சொல்லும்?"

"ஏசுவான்."

"எதுக்கு? அனுப்புனதுக்கா, அமுக்குனதுக்கா?"

அவளே அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அந்த வாரமே வேறு வேலைக்கு விண்ணப்பமும் போட்டாள். மறைக்கவில்லை.

நண்டு திரும்பி வந்தது அதனால்தான். ரத்து என்று அவர்கள் சொல்லவில்லை. நிறுத்தி வைப்பதாக எழுதியிருக்கிறார்கள். அந்த அறுநூறு படங்களையும் உன் பழைய விடையோடு தனியாக அனுப்பக் கேட்டிருக்கிறார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. கடைசியில் அந்தப் பெண் தனியாக ஒரு வரி: உன் மறைவுக்கு வருந்துகிறார்.

பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு இன்று அதைத்தான் தொடங்கினேன். ஒவ்வொரு படத்திலும் என் விடையை நீக்க வேண்டும். அடியில் உன்னுடையது இருக்கிறது, அதன் பக்கத்தில் உன் நேரமும். நான் அதைப் பார்த்ததே இல்லை. ஒன்றரை நிமிடம். இரண்டு நிமிடம். ஒரு படத்தில் மட்டும் பதினோரு நிமிடம்.

சாம்பல் நிறத் தகடு. ஓரத்தில் ஒரு கோடு. கீறலாக இருக்கலாம், வெளிச்சம் விழுந்த விதமாக இருக்கலாம். பதினோரு நிமிடம் என்ன பார்த்தாய்? அல்லது கீழே டீக்குப் போயிருந்தாயா? நான்தான் ஏதாவது பேசிக்கொண்டிருந்தேனா? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள்கூட உலகத்தில் இல்லை.

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதே படத்தின் முன் உட்கார்ந்தேன். நான்காவது நிமிடத்தில் விரிசல் என்று உறுதியாகத் தோன்றியது. ஆறாவதில் இல்லை. ஒன்பதாவதில் பசித்தது. பதினொன்று முடியும் வரை எழவில்லை. பிறகு என் விடையை நீக்கினேன்.

அடுத்த படத்தில் உன் நேரம் மூன்று நிமிடம். திறந்து வைத்திருக்கிறேன்.